வளவுக்குள் ஆர்க்கிட்: செட்டிநாட்டு வெயிலில் ஃபெலனாப்ஸிஸ் வளர்க்கும் முறை

காரைக்குடிப் பக்கத்து வெயிலுக்கு ஆர்க்கிட் தாங்காது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். தாங்கும். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில், பல வருஷமாக ஃபெலனாப்ஸிஸ் என்ற ஆர்க்கிட் வகையை வைத்திருக்கிறேன், வருஷம் தவறாமல் பூக்கிறது. இந்தச் செடியை வெயில் கொல்வதைவிட, வேரில் தேங்கும் தண்ணீரும் அந்தத் தண்ணீரிலுள்ள உப்பும் கொல்வதுதான் அதிகம். இலையையும் பூவையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நோய் தெரியும்போது காலம் கடந்திருக்கும். வேரைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதன் சொந்த ஊரெல்லாம் நமக்குத் தெரிந்த ஊர்கள்தான். பர்மா, மலாயா, சுமத்ரா, ஜாவா, பிலிப்பைன்ஸ், தைவான். நம் ஐயாக்கள் கொண்டுவிற்கப் போன கடலோர நாடுகளின் காட்டு மரங்களில் ஒட்டி வளர்வது. இந்தோனேசியாவின் மூன்று தேசிய மலர்களில் ஒன்று ஃபெலனாப்ஸிஸ் அமாபிலிஸ் என்ற வெள்ளைப் பூ. இந்தப் பேரினத்துக்கு 1825-ல் பெயர் வைத்தவர் ப்ளூமே என்ற தாவரவியலாளர். ஃபெலனாப்ஸிஸ் லோவி என்ற இனத்தை முதலில் கண்டெடுத்தது பர்மாவில் மௌல்மீன் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளில். எங்கள் பாட்டையா கடை வைத்திருந்த ஊர் என்பதால் அந்தப் பூவின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

மரத்தில் தொற்றி வளர்வதால் இதற்கு மண் வேண்டாம். மழை பெய்தால் வேர் நனையும், காற்றடித்தால் சீக்கிரம் காயும், மறுபடி நனையும். நாம் வீட்டில் செய்யும் வேலை முழுவதும் இந்த நனைவதையும் காய்வதையும் ஒழுங்காக நடக்க வைப்பதுதான்.

வாங்கும்போது

பூவைப் பார்த்து வாங்காதீர்கள். முதலில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டி வழியாக வேரைப் பாருங்கள். நல்ல வேர் நனைந்திருந்தால் பச்சை, காய்ந்திருந்தால் வெள்ளி நிறம், இரண்டிலும் கெட்டியாக இருக்கும். பழுப்பாகச் சுருங்கியோ கொழகொழத்தோ இருந்தால் விட்டுவிடுங்கள். அடியிலையைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள், செடி தொட்டிக்குள் ஆடக்கூடாது. நடுக்குருத்தில் கறுப்போ ஈரக்கசிவோ இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஃபெலனாப்ஸிஸுக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். குருத்து அழுகினால் செடி மேலே வளராது. பக்கத்தில் கன்று விட்டுப் பிழைப்பது எப்போதாவது நடக்கும், அதை நம்பி வாங்க முடியாது.

நீல நிறத்தில் விற்கும் பூவைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் பார்க்கும் அந்த அடர்நீலம் தண்டில் சாயம் ஏற்றியது. அடுத்த முறை பூக்கும்போது வெள்ளையாகத்தான் வரும். தண்டில் ஊசி குத்திய துளை சில சமயம் கண்ணுக்கே தெரியும்.

எந்த இடத்தில் வைப்பது

பழைய வீடுகள் உள்ளவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வளவு வாசலின் திறந்த நடுப்பகுதியில் வைக்கக்கூடாது, உச்சி வெயில் நேராக விழும். சுற்றுத் தாழ்வாரத்தில் மேற்குப் பக்கம், அதாவது கிழக்கைப் பார்த்த பக்கம், நல்லது. காலை இளவெயில் சற்று நேரம் பட்டு விலகிவிடும், பிறகு நாள் முழுதும் வெளிச்சம் மட்டும் இருக்கும். இதற்கு எதிர்ப்பக்கம் பிற்பகல் வெயில் வாங்கும், அங்கே வேண்டாம். வடக்குப் பக்கத் தாழ்வாரத்தில் வைத்திருந்தால் மார்கழி, தை மாதங்களில் கவனம் வேண்டும். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெயில் தூண்களைத் தாண்டி உள்ளே வரும். தொட்டிகளைச் சுவரோரம் தள்ளிவிடுங்கள்.

வெளிச்சம் போதுமா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. பகல் 12 மணிக்கு இலைக்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். நிழல் விளிம்பு மங்கி விழுந்தால் சரியான அளவு. விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் வெயில் அதிகம். நிழலே விழவில்லை என்றால் செடி உயிரோடு இருக்கும், பூக்காது. இலையும் சொல்லும்: கரும்பச்சை என்றால் வெளிச்சம் குறைவு, மஞ்சளோடினால் அதிகம்.

புது வீடு, மாடி வீடு என்றால் கிழக்கு அல்லது வடக்கு சன்னல். மேற்குச் சன்னல்தான் இருக்கிறது என்றால் வெள்ளை வேட்டித் துணியைத் திரையாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

நம் பக்கத்தில் இதுதான் பெரிய விஷயம். எங்கள் தெருவில் போர் தண்ணீரில், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதை ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும், அதே உப்பு வேர் நுனியைக் கருக்கும். நூறுக்குள் இருக்கும் தண்ணீர் வேண்டும். அதற்கு மழைத் தண்ணீரை மிஞ்ச எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வளவு ஓட்டிலிருந்து இறங்கும் தண்ணீரை முதல் மழை ஓடுகளைக் கழுவிப் போனபிறகு பிடித்து, மூடியிட்ட பிளாஸ்டிக் டிரம்மில் வைத்துக்கொள்கிறோம். முன்காலத்துப் பழக்கத்தில் செப்பு அண்டாவில் பிடித்து நாள்கணக்கில் வைத்ததை ஆர்க்கிட்டுக்கு ஊற்ற வேண்டாம், செம்பு கூடினால் வேருக்கு ஆகாது. டிரம் தீர்ந்துபோகும் பங்குனிக்குப் பிறகு ஆர்ஓ தண்ணீர். அந்த இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும், அதைத் தென்னைக்கு விடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பவர்களுக்கு நான் நாள்கணக்கு சொல்வதில்லை. தொட்டிக்குள் வேர் பச்சையாக இருந்தால் ஊற்றாதீர்கள். வெள்ளி நிறத்துக்கு மாறி, தொட்டியைத் தூக்கினால் எடை குறைந்து தெரிந்தால் ஊற்றுங்கள். அக்னி நட்சத்திரத்தில் அது இரண்டு நாளில் வரும், அடைமழைக் காலத்தில் ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும்.

ஊற்றுவது காலையில்தான். தொட்டி வழியாக ஓடி அடியில் வடியும்வரை தாராளமாக ஊற்றி, முழுவதும் வடிய விடுங்கள். குருத்தில் தண்ணீர் நின்றால் துணி நுனியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். காட்டில் இந்தச் செடி மரத்தில் சாய்ந்து தொங்கும், இலையில் விழுந்த தண்ணீர் தானே வழிந்துவிடும். நாம் நிமிர்த்தி வைப்பதால் அது குருத்தில் தேங்குகிறது. நான் தொட்டியில் வைக்கும்போதே செடியைக் கொஞ்சம் ஒருபக்கம் சாய்த்துத்தான் வைக்கிறேன்.

கரியும் மட்டையும்

வெளிநாட்டுப் புத்தகங்கள் பைன் பட்டை என்று சொல்லும். நமக்கு அதைவிட நல்லது பக்கத்திலேயே இருக்கிறது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டு எரித்த கரி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். கனமான, கெட்டியான கரி, எளிதில் நொறுங்காது. கட்டைவிரல் பருமனுக்கு உடைத்து, தூசி போகக் கழுவி, ஓர் இரவு ஊறவைத்து எடுத்தால் போதும். அதோடு தேங்காய் மட்டைத் துண்டு. மட்டையில் இயற்கையாகவே உப்பு உண்டு, அதனால் மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்த பிறகே சேர்க்க வேண்டும். இரண்டு பங்கு கரி, ஒரு பங்கு மட்டை, அடியில் ஒரு கை உடைந்த நாட்டு ஓட்டுச் சில்லு. என் செடிகள் எல்லாம் இதில்தான் நிற்கின்றன. கரி உப்பை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கடையிலிருந்து வரும் செடி பெரும்பாலும் ஸ்பாக்னம் என்ற நார் போன்ற பாசியில் இறுக்கமாக அடைபட்டு வரும். பூ இருக்கும்வரை தொடாதீர்கள். பூ முடிந்து, புது வேர் முனை பச்சையாகத் தெரியும்போது மாற்றுங்கள். முதலில் தொட்டியோடு அரைமணி நேரம் தண்ணீரில் வையுங்கள். நனைந்த வேர் வளையும், காய்ந்த வேர் முறியும். பிறகு வெளியே எடுத்து, பாசியை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுங்கள். நேராகக் குருத்துக்கு அடியில், வேர்களுக்கு நடுவே, நாற்றங்காலில் வைத்த பழைய பாசி உருண்டை ஒன்று ஈரம் சொட்டச் சொட்ட ஒளிந்திருக்கும். அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும், அதை விட்டுவிடாதீர்கள். பிறகு ஒவ்வொரு வேரையும் இரண்டு விரலுக்கிடையே லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக நின்றால் நல்ல வேர், நிறம் எப்படியிருந்தாலும் சரி. பாசிக்குள் வெளிச்சம் படாமல் இருந்த வேர் மஞ்சளாக இருக்கும், அதற்காக வெட்டிவிடக்கூடாது. அமுக்கினால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சுகிறதே, அதை வெட்டுங்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் நெருப்பில் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள், வைரஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது கத்தரி வழியாகத்தான். வெட்டிய இடத்தில் பட்டைத்தூள் தொட்டு வையுங்கள். சமையலுக்குப் பொடிக்கும் அதே பட்டை. பூஞ்சையைத் தடுக்கும், ஆனால் நல்ல வேரின் மேல் தூவினால் வேரையே காயவைத்துவிடும், வெட்டுவாயில் மட்டும்.

தொட்டி வேர்க்கட்டுக்குச் சற்றே பெரியதாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் நடுப்பகுதி காயவே காயாது. ஓட்டை நிறைந்த கண்ணாடிப் பிளாஸ்டிக் தொட்டிதான் என் விருப்பம், வேரைப் பார்க்க முடியும் என்பதால். அதை அழகுக்கு ஓலைக் கொட்டானுக்குள் இறக்கி வைக்கலாம். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, வடிந்தபின் திரும்ப வைத்தால் கொட்டான் பூசணம் பிடிக்காது. மாற்றி வைத்த மூன்று நான்கு நாள் தண்ணீர் ஊற்றாமல் நிழலில் வையுங்கள். காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும் வேர்களை உள்ளே திணிக்காதீர்கள், அவை அப்படியே இருக்கட்டும்.

உரம்

உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 போதும். லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை, வேர் நனைந்த பிறகு. மழைத் தண்ணீரிலும் ஆர்ஓ தண்ணீரிலும் சுண்ணாம்புச் சத்தோ மெக்னீசியமோ கிடையாது. மாதம் ஒருமுறை லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட், இன்னொரு வாரம் அதே அளவு எப்சம் உப்பு. இரண்டையும் ஒன்றாகக் கரைக்காதீர்கள். மாதத்தின் நான்காவது வாரம் எந்த உரமும் இல்லாமல் வெறும் தண்ணீரால் தொட்டியை நன்றாகக் கழுவி விடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் உரத்தை நிறுத்திவிடலாம்.

கோடை

பகலில் 38, 40 டிகிரி ஏறும் நாட்களில் செடி வளராது, தாக்குப் பிடித்து நிற்கும். அந்த நாட்களில் தாழ்வாரத்திலிருந்து எடுத்து, வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் கொண்டுபோகிறேன். பருத்த சுவரும் உயரமான கூரையும் உள்ள அறை நான்கைந்து டிகிரியாவது குளிர்ந்திருக்கும். தாம்பாளத்தில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு, தண்ணீர் தொடாதபடி தொட்டிகளைக் கல்லின் மேல் வையுங்கள். மின்விசிறி மெதுவாகச் சுற்றட்டும், செடியின் முகத்துக்கு நேராக வேண்டாம்.

சாயங்காலம் ஆத்தங்குடிக் கல் தரையில் தண்ணீர் தெளிப்பது முக்கியம். இதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். ஃபெலனாப்ஸிஸ் பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். கற்றாழைக்கும் இதே குணம். ஆகவே இரவுக் காற்றில் ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால்தான் அது தண்ணீரை இழக்காமல் சாப்பிடும். தரைக்கு மாலையில் தண்ணீர், வேருக்குக் காலையில் தண்ணீர்.

பூக்க வைப்பது

பூந்தண்டு வருவதற்கு வெப்பம் சில வாரங்கள் தொடர்ந்து 26 டிகிரிக்குக் கீழே இறங்கி நிற்க வேண்டும். பகலில் 28, 29-ஐத் தாண்டிக்கொண்டிருந்தால் தண்டு விடாமல் இலைதான் விடும். நமக்கு இந்தக் குளிர் வருவது கார்த்திகையிலிருந்து தை வரை மட்டும். மழை மேகம் மூடிய பகலும், 21, 22-க்கு இறங்கும் இரவும். அதை வீணாக்கக்கூடாது. இரண்டாம் கட்டில் ஒளித்து வைத்திருந்த செடிகளை ஐப்பசி முடிவதற்குள் வளவுத் தாழ்வாரத்துக்கு, இரவுக் காற்று படும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சாரல் மட்டும் குருத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் கதவடைத்து வைத்திருப்பவர்கள்தான் வருஷக்கணக்காகப் பூக்கவில்லை என்கிறார்கள்.

மார்கழியில் இலைக்கும் தண்டுக்கும் இடுக்கிலிருந்து பச்சையாக ஒரு முனை எட்டிப்பார்க்கும். வேரா, பூந்தண்டா என்று முதலில் குழப்பும். வேர் முனை உருண்டு வழவழப்பாக இருக்கும். பூந்தண்டின் முனை கிளி மூக்குப் போல ஒருபக்கம் கூர்த்து, லேசாகப் பிளவுபட்டிருக்கும், மேல் நோக்கி வளரும். தெரிந்த நாளிலிருந்து தொட்டியைத் திருப்பாதீர்கள். வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மொட்டுகள் முகம் வைக்கும், திருப்பினால் ஒவ்வொரு பூவும் ஒவ்வொரு திசை பார்க்கும். ஒரு சாண் வளர்ந்ததும் மூங்கில் குச்சி ஊன்றி வாழை நாரால் தளர்வாகக் கட்டுங்கள்.

மாசி, பங்குனியில் பூ. குளிர்ந்த ஊர்களில் மூன்று மாதம்வரை நிற்கும், வெயில் ஏறுவதால் இங்கே அதைவிடக் குறையும். மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயு வரும், மொட்டை உதிர்ப்பது அதுதான். பங்குனி கடைசியில் மாம்பழம் வீட்டுக்கு வர ஆரம்பிக்கும், வாழைத்தார் எப்போதும் தொங்கும். ஆர்க்கிட் வீட்டின் ஒரு கட்டுக்குள் என்றால் பழம் வேறு கட்டுக்குள் இருக்கட்டும். விறகடுப்புப் புகையும் அதே வேலையைச் செய்யும்.

பூ முடிந்ததும் செடி செத்துவிட்டது என்று நினைத்து எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுப் பெண் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள்.

“ஆச்சி, பூவெல்லாம் கொட்டிப்போச்சு, குச்சிதான் நிக்குது. தூக்கிப் போட்டுறவா?”

“இலையைத் தொட்டுப் பாரு ஆத்தா. கெட்டியா இருக்கா?”

“இருக்கு ஆச்சி.”

“வேரு?”

“பச்சையா இருக்கு.”

“அப்ப அதுக்கு ஒண்ணுமில்லை. குச்சியை அடியோட வெட்டிட்டு, தண்ணியைப் பாத்து ஊத்து. மார்கழி வரட்டும்.”

இலை நான்குக்கு மேல் இருந்து திடமாக இருந்தால், தண்டை அடியிலிருந்து மூன்றாவது கணுவுக்கு மேல் வெட்டினால் இன்னொரு சிறு கிளை விட்டுப் பூக்கும். நம் கோடையில் அந்த இரண்டாம் பூப்பு செடியை இளைக்க வைக்கிறது என்பது என் எண்ணம். நான் அடியோடுதான் வெட்டுகிறேன்.

பூச்சி, அழுகல்

வெள்ளையாக மாவுப்பூச்சி இலையடியில் சேர்ந்தால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், வாரம் ஒருமுறை, ஒரு மாதம். பிறகு வேப்பெண்ணெய்க் கரைசல், சாயங்காலத்தில், பூவில் படாமல். மழைக்காலத்தில் இலையில் தண்ணீர் ஊறியது மாதிரி பழுப்புப் புள்ளி வந்து வேகமாகப் பரவினால் அது பாக்டீரியா. நல்ல பகுதி வரை தள்ளி வெட்டி, செடியைத் தனியே வைத்து, ஒரு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள்.

சேர்க்கத் தொடங்கினால்

முதல் செடி ஒருமுறை இங்கேயே பூத்தபிறகு அடுத்ததை வாங்குங்கள். பெரிய வெள்ளை, ரோஸ் கலப்பினங்கள் எங்கும் கிடைக்கும். நம் வெப்பத்துக்கு ஏற்றவை என்று கேட்டால் நான் வேறு இரண்டைச் சொல்வேன். போர்னியோ காட்டு பெலினா: பூந்தண்டு குட்டை, ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும், வெப்பத்திலேயே பூக்கும், மணம் வளவு முழுக்க நிற்கும். அதன் தண்டைப் பச்சையாக இருக்கும்வரை வெட்டக்கூடாது. இன்னொன்று புல்செரிமா, முன்பு டோரிட்டிஸ் என்று தனிப் பேரினமாக வைத்திருந்தது. நிமிர்ந்த தண்டு, மற்றவற்றைவிட வெளிச்சமும் சூடும் தாங்கும். ஷில்லேரியானாவை இலைக்காகவே வைத்திருக்கலாம், வெள்ளியும் பச்சையுமாக அத்தனை அழகு. பூவில் ரோஜா மணம் உண்டு, ஆனால் பூக்க நல்ல குளிர் கேட்கும்.

பெயர்ச்சீட்டு இல்லாத செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் சேகரிப்பில் அதன் இடம் குறைவு. ஆர்க்கிட் கலப்பினங்களின் பெற்றோர் யார் என்ற பதிவு 1895-லிருந்து சாண்டர் குடும்பத்தார் தொடங்கி வைத்தது, 1961 முதல் லண்டன் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி தொடர்கிறது. பெயர் இருந்தால் பாட்டன், முப்பாட்டன் செடிவரை தேடிப் போகலாம். பேனா எழுத்து நம் வெயிலில் வெளுத்துவிடும், பென்சிலால் எழுதுங்கள். காட்டிலிருந்து பறித்து வந்ததாகச் சொல்லி விற்கும் ஆர்க்கிட்டை ஒருபோதும் வாங்காதீர்கள். அது சட்டத்துக்கும் விரோதம், அந்த மலைக்கும் துரோகம். நம் நாட்டு ஆர்க்கிட்களைப் பார்க்க ஆசையிருந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது.

சில செடிகள் பூந்தண்டின் கணுவில் பூவுக்குப் பதில் கன்று விடும். தாயோடு இருக்கும்போதே அதற்கும் தண்ணீர் தெளித்து வாருங்கள். இரண்டு மூன்று வேர் விட்டு, ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம் நீண்டபிறகு, தண்டை இருபக்கமும் ஓர் அங்குலம் விட்டு வெட்டிச் சின்னத் தொட்டியில் வையுங்கள். முதல் ஒரு மாதம் கரியோடு மட்டைத்துண்டைச் சற்றுக் கூடுதலாகப் போட்டு, தாய்ச்செடியின் நிழலிலேயே வைத்திருங்கள். பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். தாயின் பெயரையே சீட்டில் எழுதி வையுங்கள், பூவும் தாயின் பூவாகவே வரும்.